எழுத்து யார் சொத்து?
கோவில்பட்டி ஃபுளாப்பிகளை முன்வைத்து

சிறுபத்திரிகை வரலாறு என்று நம்மிடம் இருப்பது ஆசிரியர்களின் வரலாறு. யார் யாரோடு சண்டைபோட்டுப் பிரிந்தார்கள், அமைப்பியல் எந்த இதழில் முதலில் வந்தது, எந்த இதழ் எத்தனையோடு நின்றது என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. அந்தப் பக்கங்கள் எந்த எந்திரத்தில் உருவாயின, எழுத்து அதற்குள் என்ன ரூபத்தில் கிடந்தது என்பது மட்டும் நமக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை. அது டி.டி.பி. கடைக்காரர் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். 'பிரதி' பற்றி நம்மைப்போல் பேசித் தீர்த்தவர்கள் கிடையாது. பிரதி கிடந்த தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோவில்பட்டியில் தொண்ணூறுகளில் இதழ் நடத்திய அண்ணாச்சி ஒருவர் என்னிடம் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். கரிசல் புழுதி படிந்த 18 ஃபுளாப்பிகள். 11 பெரியவை, ஐந்தேகால் அங்குலம். 7 சின்னவை, மூன்றரை அங்குலம். "இதுல ரெண்டு இதழுக்கான மேட்டர் கெடக்கு தம்பி. ஒண்ணு வந்துச்சு, இன்னொண்ணு வரவேயில்ல. மெஷின் எங்கயாச்சும் கெடச்சாப் பாருங்க" என்றார். வராத இதழில் இருந்தவை தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் பேச்சு. ஒலிநாடாவில் பதிந்து, எழுதி, அடித்து வைத்தது. நாடாவும் இல்லை, கையெழுத்துப் பிரதியும் இல்லை. ஃபுளாப்பி மட்டும்தான் மிச்சம்.

இதற்கு இரண்டு பூட்டுகள். முதல் பூட்டு எந்திரம். ஐ.பி.எம். பி.சி. 1981இல் வந்தது, எக்ஸ்.டி. 1983இல், ஏ.டி. 1984இல். முதலிரண்டும் பயன்படுத்திய ஐந்தேகால் அங்குல ஃபுளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 40 தடங்கள். 360 கிலோபைட் கொள்ளும். ஏ.டி.யோடு வந்த டிரைவில் 80 தடங்கள், 1.2 மெகாபைட். தடம் இரட்டிப்பானதால் அதன் தலையும் ஒடுங்கியது. பழைய டிரைவில் எழுதிய தகட்டைப் புதியது வாசிக்கும். ஆனால் அதே தகட்டில் புதிய டிரைவில் திருத்தம் செய்தால், அகலமான பழைய தடத்தின் நடுவே ஒடுக்கமான புதிய தடம் விழும். ஓரங்களில் பழைய எழுத்தின் மிச்சம் நிற்கும். திரும்பப் பழைய டிரைவில் போட்டால் இரண்டும் கலந்து கேட்கும். அப்புறம் ஒன்றும் விளங்காது. ஆக, எந்த எந்திரத்தில் அடித்து எதில் திருத்தினார்கள் என்று தெரியாமல் தகட்டில் கைவைக்கக் கூடாது.

பழைய கம்ப்யூட்டரையே தேடிப் பிடிப்போம் என்றால் அதிலும் ஒரு வில்லங்கம். 286, 386 மதர்போர்டுகள் பலவற்றில் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது கசிந்து செம்புத் தடங்களைத் தின்றுவிடும். மின்சாரம் கொடுப்பதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். இன்று இதற்கு மாற்று உண்டு. கிரீஸ்வீசல் என்று ஒரு சின்னப் பலகை. அதன் மென்பொருள் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. பழைய டிரைவை இன்றைய கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யில் இணைத்து, தகட்டின் காந்த மாற்றங்களை அப்படியே நகலெடுத்துக்கொள்ளும். அர்த்தப்படுத்துவதைப் பிறகு சாவகாசமாகச் செய்யலாம். எங்கள் 18இல் 12 இப்படித் தேறின.

தேறியவற்றைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எல்லாம் ஆங்கிலக் கிறுக்கல். இதுதான் இரண்டாவது பூட்டு. வரலாறு இங்கேதான் இருக்கிறது.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்தபின் பி.சி.கள் மெல்ல மெல்லச் சிறுநகரங்களுக்கும் வந்தன. ஈயமும் கம்பாசிட்டரும் ட்ரெடிலும் இருந்த இடத்தில் டி.டி.பி. வந்தது. இந்திய மொழிகளுக்கான பொதுக்குறியீடு இஸ்கி 1991இல் தரநிர்ணயம் பெற்றது. தேவநாகரியின் வரிசையைச் சட்டகமாக வைத்து மற்ற மொழிகளை அதில் உட்காரவைத்த ஏற்பாடு அது. அந்தத் தமிழ் அடுக்குதான் யூனிகோடுக்கும் போனது. கடைகளோ குறுக்குவழியைப் பிடித்தன: ஆங்கில எழுத்தின் படத்தை எடுத்துவிட்டுத் தமிழெழுத்தின் படத்தை வைப்பது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் எந்திரத்துக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். நாம் திரையில் பார்த்தது தமிழ் முகமூடி போட்ட ஆங்கிலம்.

இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது. எண்ணிப் பாருங்கள்: உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18, உகர ஊகாரம் 36, டி டீ 2, கால் கொம்பு முதலிய குறிகள் 6. மொத்தம் 93. கிரந்தத்தையும் சேர்த்தால் நூற்றுச் சொச்சம். எழுத்துருவின் 256 இடங்களில் பாதியை ஆங்கிலத்துக்கு விட்டாலும் 128 மிச்சம். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்தி, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கிய சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தனி வடிவங்களை முன்பே ஒழித்து இடத்தை மிச்சப்படுத்தியிருந்தது. ஆகவே எல்லோரும் ஒரே வரிசையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஒவ்வொரு விற்பனையாளரும் தனக்கென்று ஒரு வரிசை வைத்தார்கள். ஒரு கடையில் அடித்தது இன்னொரு கடையில் திறக்காது என்றால் இதழ்க்காரர் அங்கேயேதான் போயாக வேண்டும். இது தொழில்நுட்பத்தின் போதாமை அல்ல, சந்தையின் வேலி.

ஈயக்காலத்தைப் புனிதப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அச்சாபீஸில் பாரம் ஓடி முடிந்ததும் எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டுவிடுவார்கள், ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அங்கே 'அ' எல்லோருக்கும் 'அ'தான். அதற்குத் தனியார் அர்த்தம் கிடையாது. மொழிக்குள் அதிகாரம் ஒளிந்திருப்பதை ஃபூக்கோவை வைத்து விளக்கிய கட்டுரைகளே தனியார் வேலிக்குள் கோர்க்கப்பட்டன என்பதை நாம் கவனிக்கவில்லை.

வேலியைத் தாண்டும் முயற்சி பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னெடுத்த மாநாடு, 1999இல் சென்னை மாநாடு, அதையொட்டி அரசு ஏற்ற 'டாப்', 'டாம்' குறியீடுகள், இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய 'டிஸ்கி', சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிவைத்த மதுரைத் திட்டம். 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் அதோடு 'டேஸ்16'ஐயும் ஏற்றது. அதற்குள் கால் நூற்றாண்டு எழுத்து வேலிக்குள் போய்விட்டது.

கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளிக் கழுகுமலை. சமணச் சிற்பங்களின் அடியில் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை. கல் அப்படியே நிற்கிறது, ஊர்க்காரர்களால் வாசிக்க முடியாது. பாண்டி நாடு சோழர் கைக்குப் போனபின் வட்டெழுத்து மெல்ல வழக்கொழிந்தது. ஊடகம் அழிந்தாலும் பிரதி போகும், குறியீடு அழிந்தாலும் போகும். கழுகுமலையில் நடந்தது இரண்டாவது. நம் ஃபுளாப்பிகளுக்கு இரண்டுமே ஒரே தலைமுறைக்குள் நடந்தன.

எங்களுக்குச் சாவி கிடைத்தது அச்சான இதழில். அதன் முதல் பக்கத்தையும் கோப்பின் கிறுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒரு அட்டவணை போட்டோம். இந்தக் குறியீடுகளில் கொம்பு முன்னால் நிற்கும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால் வரவேண்டும். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்ற மூன்று துண்டுகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்த வேண்டும். அது முடிந்ததும் வராத இதழும் திறந்தது. அந்தப் பெண்களின் பேச்சு, "ஏட்டி", "வாரேன்", "கெடக்கு" என்று அவர்கள் சொன்னபடியே வந்தது. முழுக்க அல்ல. ஆறு தகடுகள் போனது போனதுதான்.

பாமினி மாதிரிப் பரவலான எழுத்துருக்களுக்கு மாற்றிகள் உண்டு. பெயர் மறந்துபோன கடை எழுத்துருக்களுக்கு இல்லை. இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கினார்; பேசுகிற வாய்கள் இருக்கும்போதே செய்ததால்தான் அது ஆயிற்று. இப்போது தொகுக்க வேண்டியது எழுத்துரு அட்டவணைகள். பரணில் தகடு வைத்திருப்பவர்கள் அதைத் துடைக்க வேண்டாம், கிடைத்த கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கவும் வேண்டாம். எழுத்துருக் கோப்பு, அச்சான இதழ் ஒரு பிரதி, எந்தக் கடையில் அடித்தது என்ற விவரம், இந்த மூன்றையும் தகட்டோடு சேர்த்து வையுங்கள். அன்று அடித்துக் கொடுத்த டி.டி.பி. ஆபரேட்டர்களில் பலர் இன்னும் இதே ஊர்களில் இருக்கிறார்கள். எந்த எழுத்து எந்த விசையில் இருந்தது என்பதை அவர்களின் விரல்கள் மறந்திருக்காது. முதலில் அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும்.