பூம்பாவைக்குச் சொன்ன திருவிழா

மயிலாப்பூர்க் குடும்பங்களில் பங்குனிப் பெருவிழாவைப் பற்றிப் பேச்செடுத்தால், தாத்தாவும் பேரனும் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த நாயன்மார் அறுபத்துமூவர் ஊர்வலம், கிழக்கு மாட வீதியில் அடம்பிடித்து வாங்கிய காற்றாடி, சொப்புச் சாமான், பந்தலில் குடித்த நீர்மோர். எழுபது வயதிலும் விழா ஏழு வயதுக் கண்ணால்தான் நினைவுக்கு வருகிறது. பெரியவர்களின் பக்தி விழாவில் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு வந்து பொம்மை வாங்கிப் போகிறார்கள், அவ்வளவுதான் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜப்பானில் மார்ச் 3ஆம் தேதியைப் பெண் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கிப் பொம்மைகளை அடுக்குகிறார்கள். நம் ஊரில் அப்படித் தனி நாள் ஏதும் குறிக்கவில்லை. ஆனால் மயிலையின் விழா நமக்குத் தெரிந்த காலத்திலிருந்தே ஒரு சிறுமியிடம் சொல்லப்பட்ட விழாவாகத்தான் இருந்திருக்கிறது. குடும்பங்களின் நினைவு அந்த வழியிலேயே போகிறது.

இதற்குச் சான்று ஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பாடலை மயிலைச் சிவன் கோயிலான கபாலீச்சரத்தின் முதல் விழா நாட்காட்டி என்றே சொல்லலாம். அடியார்களுக்குச் சோறிடுவதில் தொடங்குகிறது. பிறகு ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஆறு மாதங்கள் வரிசை பிசகாமல் வருகின்றன. அட்டமி நாள், பொன்னூசல், பெருஞ்சாந்தி ஆகியவை அதன்பின். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, இதைப் பார்க்காமலா போகிறாய் என்று பூம்பாவை என்ற பெண்ணைக் கேட்கிறார். கோயிலின் தத்துவத்தையோ முக்தியையோ காட்டி அவர் அவளை அழைக்கவில்லை. விளக்கு, கடல், ஊஞ்சல், தைப்பூசத்தில் நெய் வழியும் சோறு என்று ஒரு குழந்தை இழக்க விரும்பாதவற்றையே அடுக்குகிறார். பாடியவரும் பிள்ளைதான். மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்டவர் என்றும் பதினாறு வயதுக்குள் இறைவனோடு கலந்தவர் என்றும் சைவ மரபு சொல்கிறது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை விளையாடக் கூப்பிடுவது போன்ற தொனி அந்தப் பதிகத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

இங்கே ஒரு தடை எழும். பூம்பாவையைப் பற்றி ஊர் சொல்லும் கதையில் வரும் பாம்பும் சாம்பற்குடமும் பதிகத்துக்குள் இல்லை. சிவநேசர் என்ற வணிகரின் மகள் ஏழு வயதில் பாம்பு தீண்டி இறந்ததையும், தந்தை எலும்பையும் சாம்பலையும் குடத்தில் காத்ததையும், சம்பந்தர் இந்தப் பதிகத்தைப் பாட அவள் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுந்து வந்ததையும் விரிவாகச் சொல்வது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். ஆகவே பூம்பாவை என்பது பொதுவான விளி, சிறுமியின் கதை பின்னால் வளர்ந்தது என்று ஒருவர் வாதிடலாம். வரலாறாக அந்தக் கதையை நிறுவ யாராலும் முடியாது, நிறுவ வேண்டிய தேவையும் எனக்கு இல்லை. கதை பிற்காலத்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் வாதம் வலுக்கத்தான் செய்கிறது. விழாக்களின் பட்டியலைக் கேட்ட பிற்காலத்தார், இதை யாரிடம் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்து, ஓர் இறந்த குழந்தையிடம் என்று முடிவு செய்தார்கள். அரசனிடம் என்றோ புலவரிடம் என்றோ அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த முடிவை ஊர் இன்றுவரை மாற்றவில்லை. பெருவிழாவின் எட்டாம் நாள் மாலை அறுபத்துமூவர் புறப்படுவதற்கு முன், காலையில் பூம்பாவை உயிர்பெறும் நிகழ்ச்சி நடக்கிறது. நாயன்மார் அத்தனை பேரும் தெருவுக்கு வருவது அந்தச் சிறுமி எழுந்த பிறகுதான். கோயிலுக்குள் அவளுக்குச் சந்நிதியும் உண்டு.

இதைவிடக் கனமான தடை வேறொன்று. சம்பந்தர் பாடிய கோயில் கடலோரத்தில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் ஊன்றிய பிறகு அது அழிந்தது. அதன் கல்வெட்டுத் துண்டுகள் சில சாந்தோம் தேவாலயப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. இன்றைய கோயிலும் குளமும் அதற்குப் பிந்தியவை. அறுபத்துமூவர் என்ற தொகையோ சம்பந்தருக்குப் பின் வந்த சுந்தரரின் பட்டியலிலிருந்து உருவானது, சம்பந்தரே அதில் ஒருவர். கட்டடமும் வேறு, ஊர்வலமும் வேறு என்றால் எதைத் தொடர்ச்சி என்பது? பட்டியலைத்தான். தைப்பூசத்தை ஒட்டிக் குளத்தில் தெப்பம் ஓடுகிறது, மாசி மகத்தில் சுவாமி கடலுக்குப் போகிறார், பங்குனியில் தேர் நகர்கிறது. ஐப்பசி ஓணத்தைப் பற்றி இன்று அதிகம் பேச்சில்லை, அது தேய்ந்துவிட்டது. கல் உடைந்தபோதும் இவ்வளவு மிஞ்சியதற்கு ஓதுவார்களும் ஆகமமும் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஓதுவார் பாடுவது மட்டும் ஒரு கூட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடாது. இந்த வருடம் இதைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொன்னதும், வளர்ந்த பிள்ளைகள் அதையே தங்கள் பிள்ளைகளிடம் சொன்னதும் சேர்ந்துதான் இந்த விழாவைக் காத்திருக்க வேண்டும். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அடையாறு காந்தி நகர் உருவானது. மாட வீதிகளை விட்டு அங்கெல்லாம் குடியேறியவர்கள் எட்டாம் நாள் பிள்ளைகளோடு பஸ் ஏறித் திரும்பி வந்தார்கள். அதற்கு எந்த ஆகமமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

எல்லாக் குடும்பங்களின் நினைவும் இதே இனிமையோடு இருக்கும் என்று சொன்னால் அது பொய். பூம்பாவை பணக்கார வணிகர் வீட்டுப் பெண். அவளை அழைத்தது போல் எல்லாக் குழந்தைகளையும் கோயில் அழைக்கவில்லை. 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை, தலித் பிள்ளைகள் கபாலியை உள்ளே சென்று பார்க்கச் சட்டத்தின் முழு உறுதி இருக்கவில்லை. இதைச் சொன்னால் விழாவுக்குக் களங்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. சொல்லாமல் விட்டால் வரலாறு அரைகுறையாகும் என்பது என் எண்ணம். அறுபத்துமூவர் விழா மற்ற நாட்களைவிட ஏன் இவ்வளவு பெரிதானது என்பதற்கான விடையில் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது. மூலவர் வாசலுக்குள் இருந்தார், உற்சவர் தெருவுக்கு வந்தார். முண்டகக்கண்ணி அம்மனும் கோலவிழி அம்மனும் அன்றைக்கு அதே ஊர்வலத்தில் சேர்ந்துகொள்வார்கள். ஊரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து நின்றவர்களின் கூட்டத்தில், பலூன்காரரும் சொப்பு விற்பவரும் யாருடைய பிள்ளை என்று பார்த்து விற்கவில்லை.