பைத்தான் லிஸ்ட்டின் பூர்வீகம்

பைத்தான்ல ஒரு லிஸ்ட்டுக்குள்ள புதுசா ஒண்ணைச் சேர்க்க முக்கியமா ரெண்டு வழி. கடைசியில ஒட்டணும்னா அப்பெண்ட், நடுவுல சொருகணும்னா இன்செர்ட். இன்செர்ட்டுக்கு எத்தனாவது இடம்னு நாமதான் சொல்லணும். 'இதுல என்னய்யா சரித்திரம்?' என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

பைத்தானுக்கு முன்னால், ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் ஏபிசி என்றொரு மொழி உருவானது. கணினியில் தேர்ச்சி இல்லாதவர்களும் சுலபமாக நிரல் எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். 1980களில் அந்தக் குழுவில் வேலை பார்த்தவர்தான் கைடோ வான் ராஸம்.

ஏபிசியிலும் லிஸ்ட் உண்டு, இன்செர்ட் உண்டு. ஆனா இடம் சொல்லவே முடியாது! 'இந்தப் பட்டியலில் 5-ஐச் சேர்' என்றால் போதும். பட்டியல் எப்போதும் ஏறுவரிசையில் இருக்கும் என்பதால் 5 தானாகப் போய் 3க்கும் 8க்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே எல்லாம் மர வடிவச் சேமிப்பு. பட்டியல் எவ்வளவு நீண்டாலும் தாங்கும். ஆனால் நாலே நாலு எண் இருந்தாலும் அதே தடபுடல்தான்.

1989 கிறிஸ்துமஸ் சமயத்தில் பைத்தானை எழுத ஆரம்பித்த கைடோ, 1991 பிப்ரவரியில் அதை வெளியிட்டார். லிஸ்ட் என்ற பெயர் இருந்தது, மரத்தை மட்டும் வெட்டிட்டார் :-) பைத்தான் லிஸ்ட் அடுத்தடுத்த இடங்கள் கொண்ட ஒரு வரிசை, அவ்வளவுதான். எந்த இடத்தில் வைக்கிறோமோ அங்கேயே இருக்கும். 500வது உறுப்பைக் கேட்டால் சட்டென்று வரும்.

இதுக்கு ஒரு விலை உண்டு. சினிமா தியேட்டரில் முதல் சீட்டை ஒருத்தருக்குக் கொடுக்கணும்னா வரிசை முழுக்க ஆளுக்கொரு சீட் தள்ளி உட்காரணும் இல்லையா? அதே கதை. 10 லட்சம் உறுப்புகள் இருந்தால், முன்னால் ஒன்றைச் சொருக 10 லட்சமும் நகர வேண்டும். கடைசியில் சேர்க்க இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அங்கே கொஞ்சம் காலி சீட்டுகளைப் பைத்தான் முன்கூட்டியே போட்டு வைக்கும்.

ஏபிசி பாணி வேணும்கிறவங்களுக்கு பைசெக்ட் தொகுதியில் இன்சார்ட் இருக்கு. இடத்தை வேகமாகக் கண்டுபிடிக்கும். ஆனா தள்ளுறதைத் தள்ளித்தான் ஆகணும். இரு முனையிலும் சுலபமாகச் சேர்க்கும் டெக், 2004ல் பைத்தான் 2.4 பதிப்போடு வந்தது.

என்னைக் கேட்டால் கைடோ செய்தது சரி. அன்றாடம் நாம எழுதற நிரல்களில் பெரும்பாலும் சின்னப் பட்டியல்தான். ஏபிசி 'இடத்தை நான் பாத்துக்கறேன்' என்றது, பைத்தான் 'நீயே சொல்லு' என்கிறது. சுதந்திரம் நம்முடையது என்றால் செலவுக் கணக்கும் நம்முடையதுதானே! சுற்றுக்குள்ளே பூஜ்யமாவது இடத்தில் சொருகும்போது, அந்தத் தியேட்டர் வரிசையை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க மக்களே.