சேர்வராயன் மலையில் கருவியும் வீட்டுப் பழுதுபார்ப்பும்: புதிய கற்காலக் கோடரி முதல் கான்கிரீட் கூரை வரை

முன்னுரை

தமிழகத்தில் கோயிலைப் பழுதுபார்த்தவர்கள் அதைக் கல்லில் வெட்டிவைத்தனர். அதற்கென விடப்பட்ட நிலத்தைப் ‘புதுக்குப்புறம்’ என்னும் சொல்லால் குறித்தனர். ஏரி, வாய்க்கால்களைப் பழுதுபார்க்கும் கடமை ‘குடிமராமத்து’ எனப் பெயர் பெற்றது. 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் அக்கடமையைச் சட்ட எல்லைக்குள் கொண்டுவந்தது. ஆனால் குடியிருக்கும் வீட்டின் ஒழுகும் கூரையையும் வெடித்த சுவரையும் தாமே சரிசெய்துகொண்டவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. எனவே வீட்டுப் பழுதுபார்ப்பின் வரலாற்றைக் கருவிகளிடமும் கட்டுமானப் பொருள்களிடமும்தான் கேட்க வேண்டியுள்ளது.

இதற்குச் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலை ஏற்ற களமாகும். புதிய கற்காலக் கோடரி, மலையாளிப் பழங்குடியினரின் மூங்கில் வீடு, காப்பித் தோட்டத்து ஓட்டு வீடு, அரசுத் திட்டத்தின் கான்கிரீட் வீடு ஆகிய நான்கும் இம்மலையில் உள்ளன. தன் வீட்டைத் தானே செப்பனிடும் ஆற்றல் மலைவாழ் குடும்பத்தை விட்டு எவ்வாறு நீங்கியது என்பதே இக்கட்டுரையின் வினா. புதிய கருவிகளின் வருகையால் அது நீங்கியதாகக் கொள்ள இடமில்லை. பொருள்களின் மீதான உரிமை கைமாறியதே முதன்மையான காரணம் என இங்கு வாதிடப்படுகிறது.

ஏற்காட்டில் சேர்ந்த கற்கள்

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் (1834–1912) தம் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவருடைய மாமனார், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும் ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தியவருமான பீட்டர் பெர்சிவல், 1882இல் ஏற்காட்டிலேயே காலமானார். ஒருவர் சொற்களையும் மற்றவர் கற்களையும் தொகுத்த இக்குடும்பம் தனி ஆய்வுக்கு உரியது.

ஃபூட்டின் தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் விளக்கப் பட்டியல் 1914இலும், காலம், பரவல் பற்றிய குறிப்புகள் 1916இலும் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தன. சேர்வராயன் மலைக் கோடரிகளும் அத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. நிலத்தில் அகப்பட்ட இத்தகைய கற்களை மலையாளிகள் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டு வந்தனர். அண்டையிலுள்ள கொல்லிமலை, சவ்வாது மலைப் பகுதிகளிலும் பிள்ளையார் மேடைகளில் கற்கோடரிகள் வைக்கப்பட்டிருப்பது அறியப்பட்டதே. எண்ணெயும் மஞ்சளும் பெற்ற கல் பாதுகாக்கப்பட்டது. அதே வேளையில் அது கருவி என்னும் நினைவு மறைந்தது. அருங்காட்சியகமும் ஒருவகையில் இதையே செய்திருக்கிறது எனலாம்.

‘கற்கோடரி’ என்னும் ஒற்றைப் பெயரின் கீழ் வைக்கப்படுபவை யாவும் கோடரிகள் அல்ல. இருபுறமும் ஒத்துச் சரியும் விளிம்புடையது கோடரியாக இருக்கலாம். ஒருபுறம் மட்டும் சரிவுடையதைக் காம்புக்குக் குறுக்காகப் பொருத்தினால் அது தச்சர் கையிலுள்ள வாய்ச்சியின் வேலையைச் செய்யும். குறுகியது உளி, தடித்தது ஆப்பு. மரத்தை வெட்டுவதும் செதுக்குவதும் துளைப்பதும் பிளப்பதும் தனித்தனி வேலைகள். இவ்வேறுபாட்டைக் குறிக்கும் சொற்கள் தச்சர் வழக்கில் இன்றும் இருக்க, ஆய்வுரைகளிலும் காட்சிக் குறிப்புகளிலும் அவை இடம்பெறாதிருப்பது வியப்பே. நாளிதழ்களோ இவற்றைப் பழைய கற்காலக் கைக்கோடரிகளோடு சேர்த்துக் குழப்புகின்றன.

தேய்ந்த விளிம்பு

புதிய கற்காலக் கோடரி உடைத்தல், கொத்துதல், அரைத்தல், மெருகிடுதல் என்னும் படிகளில் உருவாகிறது. இறுக்கமான கருங்கல் வகையில் ஒரு கோடரியைச் செய்து முடிக்கப் பல நாள் உழைப்பு வேண்டும். மழுங்கிய விளிம்பை ஈர மணலிட்டு மீண்டும் தீட்ட அவ்வளவு வேண்டியதில்லை. எனவே கோடரி தீட்டத் தீட்டக் குறுகியது. விளிம்பின் கோணம் மாறியது. பழைய மெருகின் மேல் புதிய பட்டை விழுந்தது. வாய் உடைந்தது சுத்தியலாகவோ அரைகல்லாகவோ மறுபிறவி எடுத்தது. காம்பு பலமுறை மாற்றப்பட்டிருக்கும். கல் மட்டும் எஞ்சியது.

நீளமான, முழுமையான கோடரியே அழகிய மாதிரியாக அச்சில் இடம்பெறுகிறது. பழுதுபார்ப்பின் வரலாற்றுக்கு அது அதிகம் உதவாது. குட்டையாகி, கோணலாகி, பின்புறம் சிதைந்த கல்லே ஒரு தலைமுறைப் பயன்பாட்டைக் காட்டும். வகைப்பாட்டியல் அதனைச் ‘சிதைந்தது’ எனத் தள்ளிவைக்கிறது.

மூங்கிலும் செம்மண்ணும்

மலையாளிகளின் மரபான வீடு மூங்கில் தப்பைகளைப் பின்னிய படலால் ஆனது; சுவருக்குச் செம்மண் பூச்சு, மேலே மலைப்புல் கூரை. இவ்வீட்டின் சிறப்பு அதன் உறுதியில் இல்லை. ஒவ்வோர் உறுப்பும் தனித்துப் பழுதாகும், தனித்தே மாற்றப்படும் என்பதில்தான் இருக்கிறது. கோடையில் வெடித்த பூச்சுக்கு மண் குழைத்தால் போதும். உளுத்த தப்பையைக் கழற்றிப் புதியதைச் செருகலாம். மக்கிய புல்லை மட்டும் களைந்து மேல்வரிசை போடலாம். மூங்கிலில் மாச்சத்து குறைந்த பருவம் பார்த்து வெட்டுவதும், அடுப்புப் புகையைக் கூரைக்குள் தங்கவிடுவதும் வண்டுக்கு எதிரான காப்புகள். கண்ணெரிச்சல் தரும் அந்தப் புகை, கூரையின் ஆயுளை நீட்டிய பராமரிப்பு வேலையும் ஆகும்.

கருவிகளும் சிலவே: கொடுவாள், கோடரி, உளி, மண்வெட்டி, கடப்பாரை. இவை வீட்டுக்கென்று தனியாக வாங்கப்பட்டவை அல்ல. காட்டிலும் வயலிலும் பயன்பட்டவையே வீட்டுக்கும் பயன்பட்டன. பூச்சும் மெழுகலும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தன. அவ்வேலைக்குக் கருவி வெறுங்கையும் சாணமும் பழந்துணியுமே. கருவிப் பட்டியலை மட்டும் கொண்டு வீட்டுப் பராமரிப்பை எழுதினால் வேலையில் பாதியும் அதைச் செய்தவரில் பாதிப்பேரும் விடுபட்டுப் போவர். இனவரைவியல் நூல்கள் இக்குறையிலிருந்து தப்பவில்லை.

1820களில் சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை ஊக்குவித்தார். அதைத் தொடர்ந்து எழுந்த தோட்டப் பங்களாக்கள் வேறு வகைப் பராமரிப்பைக் கொண்டுவந்தன. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் பயனாக இயந்திர ஓடு தென்னிந்திய மலைநகரங்களின் அடையாளமாயிற்று. ஓடு உடைந்தால் அதே அச்சில் வார்த்த ஓடு வேண்டும். அது மலையில் விளையாது. தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஏந்திய கொத்தனார், இழைப்புளியுடன் வந்த தச்சர் என வேலை கூலிக்குரியதாயிற்று. இம்மாற்றம் பங்களாவோடு நின்றது. மலையாளிச் சிற்றூர் தன் வழியிலேயே சென்றது. சிற்றூரைத் தொட்டது ஒரு சட்டம்.

1882: தடையின் பட்டியல்

1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் அனுமதியின்றிச் செய்யக் கூடாதவற்றை வரிசைப்படுத்துகிறது: மரம் வெட்டுதல், கால்நடை மேய்த்தல், கல் எடுத்தல், சுண்ணாம்பு சுடுதல், கரி சுடுதல், வனப்பொருள் சேகரித்தல். வனவியலார் இதைக் காட்டின் பாதுகாப்பாகப் படிப்பர். ஒரு வீட்டைப் பராமரிப்பவர் படித்தால், பழுதுபார்ப்புக்குத் தேவையான பொருள்களின் பட்டியலாகவே இது தோன்றும். கை மரமும் கூரைப் புல்லும் மூங்கிலும் இதில் அடங்கிவிட்டன. கரித் தடை கருவியையே தொட்டது. கொல்லன் உலையில் கரியில்லாமல் கோடரிக்கு வாய் வைக்கவோ கடப்பாரையை முனை தட்டவோ இயலாது. இரும்புக்குப் பெயர்பெற்ற சேலம் நாட்டில் உலைகள் அணைந்ததற்கு இறக்குமதி இரும்பின் விலை மட்டும் காரணமன்று. கரிக்கு நேர்ந்த தட்டுப்பாடும் காரணம்.

எல்லாச் சிற்றூரும் காப்புக்காட்டுக்குள் அடங்கவில்லை. அனுமதியின் பேரில் எடுக்கவும் சட்டம் இடமளித்தது. ஆயினும் வேறுபாடு அடிப்படையானது. மழைக்கு முன் ஒரு தப்பையை மாற்றுவது அன்றுவரை குடும்பத்தின் முடிவு. அதன்பின் அது ஒரு விண்ணப்பம், அல்லது ஒரு குற்றம். கூரை ஒழுகுவதோ அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. காட்டைச் சார்ந்து வாழ்ந்தோருக்கு நேர்ந்தது வரலாற்று அநீதி என்பதை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தன் முகப்புரையில் ஏற்றுக்கொண்டது. சிறு வனப்பொருள் என்பதற்கு அது தரும் வரையறையில் மூங்கிலும் உண்டு. இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. அதற்குள் மூங்கில் வீட்டைக் கட்டும் கைப்பழக்கமே பல குடும்பங்களில் அருகிவிட்டது.

கான்கிரீட் கூரையின் கீழ்

2011இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி கான்கிரீட் வீட்டை வழங்கியது. தீப்பிடிக்காத, ஆண்டுதோறும் புல் தேடாத வீட்டின் மதிப்பைப் புல்வீட்டில் வாழ்ந்தவரே அறிவர். பழைமையின் பெயரால் அதைப் பழிப்பது ஆய்வாளருக்கு அழகன்று. ஆனால் இக்கூரையின் பழுது வேறு இயல்புடையது. ஈரம் உட்புகுந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட மிகுந்த இடம் கொள்வதால் காரை வெடித்து உதிர்கிறது. வெளியே விரிசல் தெரியும்போது உள்ளே பழுது முற்றியிருக்கும். மூங்கில் வீட்டில் பழுது கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். இங்கு இரண்டும் இல்லை. பனிமூட்டமும் மழையும் மிகுந்த ஏற்காட்டில் இது சிறிய செய்தியன்று.

மேலைநாடுகளின் போக்கு இதற்கு எதிரானது. 1917இல் கைத்துப்பாக்கிப் பிடியுடைய மின்துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்ற பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், 1946இல் வீட்டுப் பயனுக்கென மலிவான துளைப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொழிலாளியிடம் இருந்த வேலை வீட்டுக்காரரின் ஓய்வுநேரப் பணியாகத் திரும்பிற்று. அத்துளைப்பான் இன்று ஏற்காட்டிலும் வாங்கக் கிடைக்கிறது. சுவரில் ஆணியறைய அது உதவும். துருப்பிடித்த கூரைக் கம்பிக்கு உதவாது.

அரசின் வீட்டுத் திட்டங்கள் கட்டும் செலவையே கணக்கில் கொள்கின்றன. வீடு கைக்கு வந்தபின் பராமரிப்பு குடும்பத்தின் பொறுப்பு. கோயிலுக்குப் புதுக்குப்புறம் விட்டவர்கள் கட்டுவதற்கும் காப்பதற்கும் வேறு வேறு முதல் வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். சேர்வராயன் மலையில் கட்டித் தரப்பட்ட வீடுகளுக்கு அத்தகைய ஒதுக்கீடு எந்தத் தலைப்பில், யார் பொறுப்பில் அமைய வேண்டும் என்பது பழங்குடியினர் நலத்துறையின் முன் வைக்கத்தக்க வினாவாகும்.