மேட்ச் புரோகிராம்: பென்சில் கிறுக்கலுக்கு என்ன விலை?

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு மைதான வாசலில் ஒரு குரல் கேட்கும். "புரோகிராம்... புரோகிராம்..." என்று கூவி விற்பார்கள். இன்று யார் யார் ஆடுகிறார்கள், எத்தனை மணிக்குத் தொடக்கம், நடுவர் யார் என்று சொல்லும் சிறு புத்தகம் அது. ஆட்டம் முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது. சிலர் அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். சிலர் மடித்து கோட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போவார்கள்.

அப்படித் தப்பிப் பிழைத்த காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்க்கவே ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். பழைய புரோகிராம் உசத்தியா, புதியது உசத்தியா?

ஆரம்பத்தில் இது புத்தகமே அல்ல. 1880களில் ஒரு தாள், அல்லது ஓர் அட்டை. இரண்டு அணிகளின் பெயர், ஆட்டக்காரர்களின் பெயர், அவ்வளவுதான். 1882 மார்ச் 25 அன்று லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. ஓல்ட் எடோனியன்ஸ் அணி பிளாக்பர்ன் ரோவர்ஸை 1-0 என்று வென்றது. சம்பளம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுவே கடைசி முறை. அந்த ஆட்டத்துக்கு அச்சடித்த ஒற்றைத் தாள் ஒன்று 2013 மே மாதம் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 35,250 பவுண்ட்! ஒரு புரோகிராமுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை அது.

அந்தத் தாளில் படிக்க ஒன்றும் இல்லை. படம் இல்லை, பேட்டி இல்லை. தூக்கி எறிவதற்காகவே அச்சிடப்பட்ட ஒன்று எறியப்படாமல் போனதற்குத்தான் அவ்வளவு பணம். தேவைக்கும் வரத்துக்கும் உள்ள கணக்கைப் பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்லும். இந்த ஒரு தாள் அதை ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது.

20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது தாள் புத்தகமாக வளரத் தொடங்கியிருந்தது. லிவர்பூல் நகரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. இன்று பரம எதிரிகளாகப் பார்க்கப்படும் எவர்ட்டனும் லிவர்பூலும் 1904 முதல் 1935 வரை ஒரே புரோகிராமைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு கிளப்பின் முதல் அணி தன் மைதானத்தில் ஆடும் நாளில், மற்றதன் ரிசர்வ் அணி அதன் மைதானத்தில் ஆடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். இன்றைக்கு அந்த இதழ்களை இரண்டு பக்கத்து ரசிகர்களும் போட்டி போட்டுத் தேடுகிறார்கள்.

பழைய புரோகிராமின் உயிர் அதன் நடுப்பக்கம். அங்கே ஆட்டக்காரர்களின் பெயர்கள் மைதானத்தில் நிற்கிற மாதிரியே அச்சாகியிருக்கும். மேலே கோல்கீப்பர், அடுத்து இரண்டு பேக், பிறகு மூன்று ஹாஃப்-பேக், ஐந்து பார்வர்ட். அதற்குக் கீழே எதிரணி தலைகீழ் வரிசையில். நடுவில் நடுவரின் பெயர். இங்கிலாந்து லீக்கில் சட்டைக்குப் பின்னால் எண் போடுவது 1939இல்தான் கட்டாயமானது. அதுவரை ஓடுகிறவர் யார் என்று தெரிய அந்தப் பக்கத்தைப் பார்த்து, அவர் நிற்கும் இடத்தைப் பார்த்து, கணக்குப் போட வேண்டும்!

இன்னொரு தந்திரமும் இருந்தது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு பலகை இருக்கும். இடைவேளையில் அதில் ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மற்ற ஊர் ஆட்டங்களின் கோல் கணக்கை மாட்டுவார்கள். 'ஏ' என்றால் எந்த ஆட்டம்? அது புரோகிராமில் மட்டும்தான் இருக்கும். வாங்காதவர் பக்கத்தில் இருப்பவரிடம் கெஞ்ச வேண்டியதுதான். நல்ல வியாபார மூளை!

ஆக, பழைய புரோகிராம் கையில் பென்சிலோடு படிக்கும் புத்தகம். கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காயம் என்றால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வாங்கியவர் அச்சான பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதுப் பெயரை எழுதிக்கொள்வார். கோல் அடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. ஏ, பி, சிக்கு எதிரே கோல் கணக்கு.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் காகிதத் தட்டுப்பாடு. புரோகிராம் மறுபடியும் ஒற்றைத் தாளாகச் சுருங்கியது. வீட்டில் கிடக்கும் பழைய காகிதத்தையும் போர்த் தேவைக்கென்று திரட்டினார்கள். அதில் எத்தனை பேருடைய சேகரிப்பு கூழாய்ப் போனதோ! போருக்கு முந்திய புரோகிராம்கள் இன்று அரிதாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

போர் முடிந்து 1948 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் செல்சி கிளப் 16 பக்கத்தில் ஒரு பத்திரிகை போலவே புரோகிராம் வெளியிட்டது. மற்ற கிளப்புகளும் மெல்ல அந்த வழிக்கு வந்தன. 1960களில் கவென்ட்ரி போன்ற கிளப்புகள் வடிவமைப்பில் புதுமை செய்தன. 1966 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தின் புரோகிராம் பிறகு பலமுறை மறுஅச்சானது. அதனால் இன்று ஒரு பிரதி கைக்கு வந்தால், அனுபவசாலிகள் முதலில் தாளின் கனத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

இன்றைய புரோகிராம் பளபளக்கும் தாளில், அறுபது, எண்பது பக்கம் என்று வருகிறது. விலை மூன்று, நான்கு பவுண்ட். புகைப்படங்கள் பிரமாதம். எதிரணியைப் பற்றி விரிவான கட்டுரை, பழைய ஆட்டக்காரர்களின் பேட்டி எல்லாம் உண்டு. படிக்க எதில் விஷயம் அதிகம் என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் புதியதில்தான். பழைய புரோகிராம்களில் பாதி இடத்தை பீர், சிகரெட் விளம்பரங்களே அடைத்துக்கொண்டிருக்கும் என்பதைப் பழமை விரும்பிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் புதியதை வாங்குகிறவர் பத்திரப்படுத்துவதற்கென்றே வாங்குகிறார். பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார். எல்லோரும் அப்படியே செய்தால் எப்படி அரிதாகும்? பல புதிய புரோகிராம்கள் அட்டை விலையைவிடக் குறைவாகப் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. ஆட்டக்காரர் பட்டியலும் மாறிவிட்டது. பிரீமியர் லீக்கில் 1993 முதல் ஒவ்வொருவருக்கும் சீசன் முழுக்க ஒரே எண். பின்னட்டையில் அணியில் உள்ள எல்லோருடைய பெயரும் இருக்கும். அன்று களமிறங்கிய 11 பேர் யார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தப்பாக அச்சாக வழியில்லை, திருத்தவும் வேலையில்லை.

சேகரிப்பாளர்களுக்குள் பெரிய சண்டையே இங்கேதான். சந்தையில் எழுத்து இல்லாத, மடிப்பு இல்லாத, ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காத பிரதிக்கே அதிக விலை. பேனா, பென்சில் பட்டிருந்தால் விலை இறங்கும். சில கிளப்புகள் புரோகிராமில் டோக்கன் அச்சிட்டன. அவற்றை வெட்டி ஒரு தாளில் ஒட்டிச் சேர்த்தால் முக்கிய ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்க முன்னுரிமை. அப்படி டோக்கன் வெட்டிய பிரதிக்கும் மதிப்புக் குறைவு. அதாவது, உண்மையான ரசிகன் உபயோகித்த பிரதி மட்டம், யாரும் தொடாத பிரதி உயர்வு!

இந்தக் கணக்கு எவ்வளவு விசித்திரமானது என்று 1958இன் இரண்டு புரோகிராம்களைப் பார்த்தால் புரியும்.

அந்த ஆண்டு பிப்ரவரி 6 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அணி சென்ற விமானம் மியூனிக் விமான நிலையத்தில் விபத்துக்குள்ளானது. 8 ஆட்டக்காரர்கள் உட்பட 23 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து உள்ளூரில் வுல்வர்ஹாம்ப்டனோடு ஆட வேண்டிய ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அதற்காக அச்சாகியிருந்த புரோகிராம்களை அழித்துவிடச் சொன்னார்கள். அதில் தப்பிய சில பிரதிகள் இன்று ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விலைபோகின்றன. நடக்காத ஓர் ஆட்டத்தின் புரோகிராம் அது.

பிப்ரவரி 19இல் அணி மறுபடி களமிறங்கியது. எஃப்.ஏ. கோப்பையில் ஷெஃபீல்டு வெட்னஸ்டேயோடு ஆட்டம். யார் ஆடப்போகிறார்கள் என்று புரோகிராம் அச்சுக்குப் போகும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் நடுப்பக்கத்தில் யுனைடெட் பக்கம் 11 இடங்களையும் வெறுமையாக விட்டுவிட்டார்கள். எதிரணிப் பெயர்கள் இருக்கின்றன, இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. விபத்தில் தப்பிய ஹாரி கிரெக், பில் ஃபோக்ஸ் இருவரும் ஆடினார்கள். ஸ்டான் குரோதர் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் ஆஸ்டன் வில்லாவிலிருந்து ஒப்பந்தமானார். மற்றவர்கள் பெரும்பாலும் ரிசர்வ் அணி, இளைஞர் அணிப் பையன்கள். யுனைடெட் 3-0 என்று வென்றது. ஷே பிரென்னன் என்ற இளைஞர் இரண்டு கோல். படுகாயத்தோடு மருத்துவமனையில் இருந்த டங்கன் எட்வர்ட்ஸ் அடுத்த இரண்டாம் நாள் இறந்தார்.

அன்று மைதானத்தில் ஏறத்தாழ 60,000 பேர். ஏராளமானோர் புரோகிராமைப் பத்திரமாக வைத்துக்கொண்டதால் அது அவ்வளவு அரிதல்ல. வுல்வர்ஹாம்ப்டன் பிரதியின் விலைக்கு அருகில்கூட வராது. அதிலும் பெயர்கள் எழுதப்படாமல் வெறுமையாக இருக்கும் பிரதியைத்தான் சந்தை விரும்புகிறது. ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு ஒருவர் 11 பெயர்களையும் தன் கையால் எழுதி வைத்த பிரதி, 'எழுத்து உள்ளது' என்று விலைப்பட்டியலில் ஒரு படி கீழே போகிறது. சந்தை ஆயிரம் சொல்லட்டும், அந்த இரவின் சரித்திரம் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

2018 ஜூனில் இங்கிலாந்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் நிலை கிளப்புகள் கூடி, புரோகிராம் வெளியிடுவது இனிக் கட்டாயமில்லை என்று வாக்களித்தன. அச்சுச் செலவு அதிகம், வாங்குவோர் குறைவு, செய்தியெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது என்பவை காரணங்கள். 2020இல் கொரோனா காலத்தில் பார்வையாளர்களே இல்லாமல் ஆட்டங்கள் நடந்தன. அப்போதும் சில கிளப்புகள் புரோகிராம் அச்சிட்டுத் தபாலில் அனுப்பின. மடிப்பு இல்லை, மழைத்துளி இல்லை, பென்சில் கோடு இல்லை. எல்லாம் முதல்தரப் பிரதிகள். ஒன்றுகூட மைதானத்துக்குள் ஒரு ரசிகனோடு போகவில்லை. அவற்றை மேட்ச் புரோகிராம் என்று சொல்லலாமா என்பதுதான் சேகரிப்பாளர்களுக்குள் புதிய சண்டை.