சுழலாத திரவத்தில் சுழல்

நதிப் பாலமொன்றின்மேல் நின்று கீழே நோக்குவோமாயின், தூணில் மோதிப் பிரியும் நீர் அதன் பின்னே சிறு சுழல்களாக உருண்டு செல்வதைக் காண்கிறோம். நீரினுள் உராய்வு இருப்பதே இதற்குக் காரணம். உராய்வே இல்லாத திரவம் ஒன்று இருக்குமானால் அது தூணை எவ்வாறு கடக்கும்?

அத்தகைய திரவம் உண்டென்பது 1938-இல் வெளியாயிற்று. சைபருக்குக் கீழ் ஏறத்தாழ 271 டிகிரிக்குக் குளிர்ந்த ஹீலியம், மிகக் குறுகிய இடுக்கிலும் தடையின்றிப் பாய்வதை மாஸ்கோவில் கபீட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலனும் மைஸனரும் தனித்தனியே கண்டனர். இதனை மீப்பாய்மம் என்கிறோம்.

1941-இல் சோவியத் விஞ்ஞானி லாண்டாவ் இதற்கொரு கொள்கை வகுத்தார். மீப்பாய்மம் தனக்குள் சுழலாது. நொடிக்குச் சுமார் 60 மீட்டர் வேகம் வரையில் எத்தடையையும் உணராது என்பது அதன் முடிவு. பரிசோதனைகளோ வேறு கூறின. பல குழாய்களில் நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்திலேயே தடை தோன்றியது. 1950-இல் ஆஸ்போர்ன் ஹீலியப் பாத்திரத்தைச் சுழற்றியபோது, சாதாரண நீரைப் போலவே அதன் மேற்பரப்பும் குழிந்தது.

இப்புதிருக்கு விடை முன்னரே பிறந்திருந்தது. 1949-இல் பிளாரன்ஸ் மாநாட்டில், பிறர் கட்டுரையொன்றை ஒட்டிய விவாதத்தில் ஆன்சாகர் அதனைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். ஹீலிய அணுக்கள் ஒரே அலையாக இயங்குவதால், சுழற்சி குறிப்பிட்டதோர் அலகின் முழு மடங்காகவே அமைய வேண்டும். முழு ரூபாய் மட்டும் செல்லும், சில்லறைக்கு இடமில்லாத சந்தை போன்றது அது. 1955-இல் பைன்மன் இக்கருத்தைத் தாமாகவே கண்டு விரித்துரைத்தார். அச்சுழல்களின் நடுப்பகுதி ஓர் அணுவின் அளவே பருமனுடையது. வேகம் மிகும்போது தடைகளின் ஓரத்தில் சுழல்கள் பிறந்து, ஓட்டத்தின் ஆற்றலைக் கவர்ந்து செல்கின்றன. அதுவே நாம் காணும் தடை.

1961-இல் கேம்பிரிட்ஜில் வினன், சுழலும் ஹீலியத்தில் மெல்லிய கம்பியை அதிரச் செய்து அவ்வலகை அளந்தார். 1979-இல் பெர்க்லியில் பாக்கர்டும் அவர் துணைவர்களும் சுழல்களின் வரிசையைப் படமெடுத்தனர்.

லாண்டாவ் தோற்றாரா? இல்லை. அழுத்தத்திற்குட்பட்ட ஹீலியத்தில் நுண்ணிய அயனிகளைச் செலுத்தியபோது, அவர் கூறிய வேக எல்லை உண்மையென்றே தெளிவாயிற்று. அவர் கணக்கில் பிழையில்லை. திரவத்திற்கு இருந்த மற்றொரு வழியை அது எண்ணாமல் விட்டது. சரியான கணக்கையும் பரிசோதனையின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வரலாற்றில் நாம் பெறும் பாடம்.