சிறைக்கு முந்தைய ஆயத்தம்: தென்னாப்பிரிக்க இந்தியர் அறப்போரில் கைதை எதிர்கொண்ட முறைகள் (1906–1914)

தென்னாப்பிரிக்க இந்தியரின் அறப்போர் குறித்துத் தமிழில் வெளிவந்துள்ள எழுத்துகளுள் பல, சிறை சென்றோரின் தியாகத்தைப் போற்றும் நோக்கில் அமைந்தவை. நாகப்பன், நாராயணசாமி, தில்லையாடி வள்ளியம்மை ஆகியோரின் மறைவே அவற்றில் நடுநாயகமாக நிற்கிறது. இது இயல்பே. ஆயினும், ஒருவர் கைதாவதற்கு முந்தைய நாள்களில் என்ன நிகழ்ந்தது, அவர் சிறையிலிருந்த காலத்தில் அவர் வீட்டு உலைக்கு அரிசி எங்கிருந்து வந்தது, தலைவர் கைதான மறுநாள் கூட்டத்தை நடத்தியவர் யார் என்னும் வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்படவில்லை. அப்போரின் வலிமை கைதாகும் கணத்தின் துணிவில் மட்டும் இருந்ததன்று. அதற்கு முன்னரே செய்து முடிக்கப்பட்ட ஏற்பாடுகளிலேயே அது பெரிதும் தங்கியிருந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது. இதற்குரிய முதன்மைச் சான்று காந்தியடிகள் எழுதிய ‘தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்’ என்னும் நூலாகும். அவர் எரவாடா சிறையில் இருந்தபோது பெரிதும் நினைவிலிருந்தே எழுதத் தொடங்கிய நூல் அது என்பதை மனத்திற்கொண்டே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

1906 ஆகஸ்டு 22ஆம் நாள் டிரான்ஸ்வால் அரசிதழில் ஆசியர் சட்டத் திருத்த வரைவு வெளியாயிற்று. இந்தியர் ஒவ்வொருவரும் விரல் ரேகை பதித்துப் புதிய பதிவுச் சான்றிதழ் பெறவேண்டும். கேட்கும்போதெல்லாம் அதனைக் காவலரிடம் காட்டவேண்டும். தவறினால் தண்டமும் சிறையும் நாடுகடத்தலும் நேரும் என்பது அதன் சாரம். செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகானஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடிய கூட்டத்தில், இச்சட்டத்திற்குப் பணிவதில்லை என்னும் தீர்மானத்தைச் சேட் ஹாஜி ஹபீப் இறைவன் பெயரால் உறுதிமொழியாக மாற்ற முற்பட்டார். காந்தியடிகள் கூட்டத்தாரின் எழுச்சியை மேலும் தூண்டாமல், அவ்வுறுதிமொழியின் விலையை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக் காட்டினார். சிறை, அவமதிப்பு, பசி, குளிர், கடின உழைப்பு, கசையடி, தண்டம், உடைமை ஏலம், நாடுகடத்தல், நோய் ஆகியவற்றோடு சிலருக்கு மரணமும் நேரலாம் என்றார். பிறர் செய்வதைப் பார்த்துக் கை உயர்த்தலாகாது, ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பதும் அவர் வலியுறுத்திய கருத்து. இப்போருக்குரிய முதல் ஆயத்தம் இதுவே எனலாம். வரவிருக்கும் துன்பம் மறைக்கப்படவில்லை, முன்கூட்டியே பட்டியலிடப்பட்டது.

1907 ஜூலை முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகங்களின் முன் தொண்டர்கள் மறியலுக்கு நிறுத்தப்பட்டனர். ஜோகானஸ்பர்க்கில் இத்தொண்டர்களுக்குத் தலைமை ஏற்றவர் தம்பி நாயுடு. மொரீஷியசில் பிறந்த இவர் தமிழைத் தம் முயற்சியாலேயே கற்றவர். தமிழ் நலச் சங்கத்தில் முன்னின்றவர். பதிவு செய்ய வருவோரிடம் துண்டறிக்கை தந்து சட்டத்தின் தன்மையை விளக்கலாம். எவரையும் தடுத்தல் கூடாது, கடிந்து பேசுதல் கூடாது. பதிந்தே தீர்வேன் என்பவரை மரியாதையுடன் உள்ளே விடவேண்டும். காவலர் திட்டினாலும் அடித்தாலும் பொறுக்கவேண்டும். கைது செய்ய வந்தால் மகிழ்வுடன் உடன்படவேண்டும் என்பன தொண்டர்க்குரிய கட்டளைகள். இவை வெறும் நன்னடத்தை விதிகள் அல்ல. காவலர் கைது செய்ய முற்படும்போது, சட்டமீறல் என ஒன்றைத் தவிர வேறெக்குற்றத்தையும் சாட்டுவதற்கு இடம் தராத அரண்களாகவே இவற்றைக் கருதவேண்டும். சுமார் 13,000 இந்தியர் இருந்த டிரான்ஸ்வாலில், 1907 நவம்பர் இறுதிக்குள் பதிந்தவர் ஏறத்தாழ 500 பேரே.

முதலில் சிறை சென்று புகழ் பெற்றவர் ஜெர்மிஸ்டன் நகரின் ராமசுந்தர பண்டிதர். 1907 நவம்பரில் அவருக்கு ஒரு மாதச் சிறை விதிக்கப்பட்டது. நாள்தோறும் பார்வையாளர் சென்றனர். சிறையில் அவர் நன்கு நடத்தப்பட்டார். விடுதலையானபோது மாலையும் ஊர்வலமும் காத்திருந்தன. ஆயின் மீண்டும் கைது நேரும் நிலையில் அவர் டிரான்ஸ்வாலை விட்டே நீங்கிவிட்டார். இந்நிகழ்ச்சியைக் கோழைத்தனம் என ஒதுக்கிவிடுவது எளிது. காந்தியடிகள் தம் நூலில் இதனை மறைக்காமல் எழுதியிருப்பதே, இதனை இயக்கம் ஒரு பாடமாகக் கொண்டது என்பதைக் காட்டும். ஆயத்தம் செய்வதற்கு முன் புகழ் வந்து சேர்ந்ததே பண்டிதரின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று கொள்வது பொருந்தும்.

1908 ஜனவரி 10ஆம் நாள் காந்தியடிகளுக்கு இரண்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. நீதிமன்றத்தில் அவர் எதிர்வாதம் செய்யவில்லை. சட்டம் அனுமதிக்கும் மிகக் கூடிய தண்டனையையே வேண்டினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், தண்டம் செலுத்தாமல் சிறையை ஏற்றல் என்பது மற்றவர்க்கும் வழக்கமாயிற்று. உரிமமின்றிக் கூடையில் காய்கறி விற்றுக் கைதாவது எளிய வழியாகக் கண்டறியப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த பெற்றோருக்குப் பிறந்து இங்கிலாந்தில் கற்றுப் பாரிஸ்டரான ஜோசப் ராயப்பன் என்னும் தமிழரும் பின்னர் இவ்வாறே கூடை சுமந்து சிறை புகுந்தார். இரண்டு வாரங்களுக்குள் சிறையிலிருந்தோர் தொகை 150ஐக் கடந்தது.

சிறைக்குள்ளும் உரிமைகள் பேணப்பட்டன. மக்காச்சோளக் கூழ் பலருக்கு ஒவ்வவில்லை. தாமே சமைத்துக்கொள்ள இசைவு பெற்றபின் சமையற்பொறுப்புத் தம்பி நாயுடுவிடம் வந்தது. அளந்து தரும் காய்கறியில் எடை குறைந்தால், முழு எடை தரும்வரை அவர் விடமாட்டார். சட்டத்திற்கு உட்பட்டுச் சிறையை ஏற்பவர், அச்சட்டம் தமக்குத் தரும் எடையை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும்? பணிவு என்பது அடிமைத்தனமன்று என்னும் வேறுபாட்டை, கோட்பாட்டு விளக்கங்களைவிட இத்தராசுச் சண்டை தெளிவாக உணர்த்துகிறது. சிறையின் உணவு, உடை, வேலை ஆகியவை பற்றிக் காந்தியடிகள் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் விரிவாக எழுதினார். அடுத்துச் செல்பவருக்கு அது வழிகாட்டியாயிற்று. ஆனால் 1903இல் நான்கு மொழிகளில் தொடங்கிய அவ்விதழின் தமிழ்ப் பகுதி 1906இலேயே நின்றுவிட்டது. எனவே தமிழர்க்கு இச்செய்திகள் கூட்டங்களின் வழியாகவும் சிறை மீண்டோர் வாய்மொழியாகவுமே பெரிதும் சென்றிருக்கவேண்டும்.

டால்ஸ்டாய் பண்ணை

1908 ஜனவரி இறுதியில் ஏற்பட்ட உடன்பாடு நிலைக்கவில்லை. ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகானஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன; போர் நீண்டது. 1909 ஜூலை 6ஆம் நாள் பதினெட்டு வயது நாகப்பன், குளிரில் சாலைவேலை செய்யவைக்கப்பட்ட சிறைவாசத்தின் விளைவாக நுரையீரல் அழற்சியால் இறந்தார். நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய நாராயணசாமி கரையிறங்க விடப்படாமல் 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். வணிகர் பலர் தளர்ந்தனர். மீண்டும் மீண்டும் சிறை சென்றோருள் தமிழ்த் தொழிலாளரும் கூடை வணிகரும் மிகுதி. இவர்களுக்குச் சேமிப்பு என ஒன்றில்லை. கணவன் சிறையிலிருக்க, மனைவியும் மக்களும் எவ்வாறு வாழ்வது என்பதே போரின் உயிர்நாடியான சிக்கலாயிற்று.

அதுவரை ஒவ்வொரு குடும்பத்திற்கும் தேவைக்கேற்ப மாதந்தோறும் பணம் தரப்பட்டு வந்தது. தேவை என்பதை எவ்வாறு அளப்பது? ஐந்து பேர் கொண்ட குடும்பத்தையும் தனி ஒருவரையும் ஒன்றாக வைக்க முடியாது. அவரவர் சொல்லும் கணக்கையே நம்பவேண்டும். ஏமாற்றுக்கும் இடம் உண்டு. ரத்தன் டாடா 1909இல் அளித்த 25,000 ரூபாய் போன்ற நன்கொடைகளும் முடிவில்லாத போருக்குப் போதா. இந்நிலையில், 1910 மே 30ஆம் நாள் கட்டடக் கலைஞர் ஹெர்மன் கல்லன்பாக், லாலி நிலையத்திற்கு அருகிலிருந்த தம் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிச் சத்தியாக்கிரகிகளுக்கு அளித்தார். அங்கு ஏறத்தாழ ஆயிரம் பழமரங்களும் கிணறுகளும் இருந்தன. ஜோகானஸ்பர்க்கிலிருந்து அது 21 மைல் தொலைவு.

டால்ஸ்டாய் பண்ணையை ஆன்மிகச் சோதனைக்கூடமாகவோ கல்விச் சோதனைக்கூடமாகவோ காண்பதே ஆய்வாளர் மரபு. அது தவறன்று. எனினும் அது தோன்றியதன் உடனடிக் காரணம் வீட்டுச் செலவுக் கணக்கே. பணத்தைப் பகிர்வதற்கு மாறாக அடுப்பைப் பகிர்வது என்னும் முடிவு, சிறை செல்வோரின் கவலையை வேரிலேயே குறைத்தது. அதனோடு வேறொரு பயனும் கிட்டியது. பண்ணையில் ஆண்கள் உடுத்திய காற்சட்டையும் மேற்சட்டையும் சிறைக்கைதியின் சீருடையைப் பார்த்துத் தைக்கப்பட்டவை. உணவு உண்டது சிறையில் தரப்படுவது போன்ற கிண்ணத்தில். கரண்டி பண்ணையிலேயே செய்த மரக்கரண்டி. தச்சு, செருப்புத் தைத்தல், தோட்டவேலை ஆகியன அன்றாடப் பணிகள். சொந்த வேலையாக நகரத்திற்குச் செல்பவர் நடந்தே செல்லவேண்டும். அதிகாலை இரண்டு மணிக்கே புறப்படுவோரும் உண்டு. இவ்வாறு வாழ்ந்து பழகியவருக்குச் சிறை புதிய உலகமாகத் தோன்றியிராது. தமிழ்ச் சிறுவர்க்குத் தமக்குத் தெரிந்த சிறிதளவு தமிழைக் கொண்டு காந்தியடிகளே பாடம் நடத்தியதும் இப்பண்ணையில்தான். பிள்ளைகளிடம் தம் குறையை அவர் ஒளிக்கவில்லை என்பது சுவையான செய்தி.

1913: கைது மறுக்கப்பட்டபோது

ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் தலைவரியும், இந்தியத் திருமணங்களைச் செல்லாதனவாக்கிய 1913 மார்ச் மாத நீதிமன்றத் தீர்ப்பும் போரை நேட்டாலுக்குக் கொண்டு சென்றன. இம்முறை பெண்களும் களம் புகுந்தனர். செப்டம்பர் 15ஆம் நாள் பீனிக்சிலிருந்து கஸ்தூரிபா உள்ளிட்ட பதினாறு பேர் எல்லை கடந்தனர். தம் பெயரையும் முகவரியையும் சொல்ல மறுக்கவேண்டும் என அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. காந்தியடிகளின் உறவினர் எனத் தெரிந்தால் அதிகாரிகள் கைது செய்யத் தயங்கக்கூடும் என்பதே காரணம். இதழை நடத்துவதற்கு வேண்டியவர்களும் பதினாறு வயதிற்கு உட்பட்ட பிள்ளைகளும் இப்போரிலிருந்து விலக்கப்பட்டனர். எல்லோரும் சிறை செல்வது ஆயத்தமாகாது. வெளியே இருப்பவர் யார் என்பதும் முன்னரே முடிவு செய்யப்படவேண்டும். தலைவர்கள் சிறையிலிருந்த நாள்களில் கணக்கையும் கடிதங்களையும் ஏற்று நடத்தியவர் காந்தியடிகளின் செயலர் சோன்யா ஷ்லேசின். அவர் ஆற்றிய பணி தமிழில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களில் ஒருவரைத் தவிர ஏனையோர் தமிழர் என்பது காந்தியடிகளின் குறிப்பு. அறுவர் கைக்குழந்தையுடன் சென்றனர். சிறையின் உணவையும் வேலையையும் அவர் முன்னரே எடுத்துரைத்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. ஆனால் வெரீனிகிங்கில் உரிமமின்றி விற்றும் எவரும் அவர்களைக் கைது செய்யவில்லை. இதற்கும் மாற்றுத் திட்டம் இருந்தது. அவர்கள் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று தலைவரியின் கொடுமையை எடுத்துக் கூறினர். வேலைநிறுத்தம் தீயெனப் பரவியது. அதன்பின், அக்டோபர் 21ஆம் நாள் அவர்கள் கைதாகி மூன்று மாதச் சிறை பெற்றனர். கைது செய்ய மறுத்த அரசு, அம்மறுப்பாலேயே பெரிய போருக்கு வழிவகுத்தது.

சுரங்கங்களை விட்டு வெளியேறிய தொழிலாளர்க்கு நியூகாசிலில் முதலில் இடம் தந்தவர் லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்தவர். வணிகர்கள் தம் வீட்டில் தங்கவைக்க அஞ்சிய நிலையில் அவருடைய சிறு வீடு சத்திரமாயிற்று. அரிசியும் பருப்பும் பாத்திரங்களும் அவ்வணிகரிடமிருந்தே வந்தன. அஞ்சுபவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது என்பது இங்கு நோக்கத்தக்கது.

நவம்பர் 6ஆம் நாள் சார்லஸ்டவுனிலிருந்து 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் நோக்கி நடந்தனர். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஓர் அவுன்சு சர்க்கரை. வேண்டிய அளவுக்கு மேல் துணி எடுக்கலாகாது. வழியில் பிறர் பொருளைத் தொடலாகாது. வெள்ளையர் திட்டினாலும் அடித்தாலும் பொறுக்கவேண்டும். காவலர் கைது செய்தால் உடன்படவேண்டும். தலைவர் கைதானாலும் நடை நிற்கலாகாது என்பன விதிகள். காந்தியடிகளுக்குப்பின் அடுத்தடுத்துத் தலைமை ஏற்போரின் பெயர்களும் அறிவிக்கப்பட்டிருந்தன. எவரும் கைது செய்யாவிடில் எட்டு நாளில் டால்ஸ்டாய் பண்ணையை அடைவது என்பது திட்டம்.

நான்கு நாள்களில் காந்தியடிகள் மூன்று முறை கைது செய்யப்பட்டார். முதலிரு முறையும் அவர் பிணையில் வெளிவந்தார். முந்தைய போராட்டத்தின் வழக்கத்தோடு இது முரண்படுவதாகத் தோன்றலாம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் பொறுப்பில் நடுவழியில் நிற்கின்றனர் என்பதையே அவர் நீதிமன்றத்தில் காரணமாகக் காட்டினார். பிணை மறுப்பு என்பது அவருக்கு நோன்பன்று. பொறுப்பு எதனை வேண்டுகிறதோ அதற்கேற்ப மாறும் வழிமுறையே என்பது இதனால் விளங்கும். மூன்றாம் கைதுக்குப்பின் பொறுப்பு போலக்கிடம் சென்றது. நவம்பர் 10ஆம் நாள் பால்ஃபரில் மூன்று தனி ரயில்கள் காத்திருந்தன. சிலர் ஏற மறுத்து, காந்தியடிகள் வரவேண்டும் என்றனர். கைதாவதும் ரயிலேறுவதும் ஒன்றே எனப் போலக் எடுத்துரைக்க, அனைவரும் அமைதியாக ஏறினர். தொழிலாளர்க்குச் சுரங்க வளாகங்களே முள்வேலியிட்ட சிறைகளாக்கப்பட்டன. வோல்க்ஸ்ரஸ்ட் வழக்கில் அரசுத் தரப்புக்குச் சான்று போதாதபோது, தமக்கு எதிரான சாட்சிகளைக் காந்தியடிகளே ஏற்பாடு செய்து தந்தார்.

எல்லா ஆயத்தமும் எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. ஜோகானஸ்பர்க்கைச் சேர்ந்த பதினாறு வயது வள்ளியம்மை, சிறையிலிருந்து காய்ச்சலுடன் வெளிவந்து 1914 பிப்ரவரி 22ஆம் நாள் இறந்தார். அவ்வாண்டிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறித் தலைவரி நீங்கிற்று. இந்தியத் திருமணங்களும் ஏற்கப்பட்டன. ஜூலையில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படுமுன் ஜோகானஸ்பர்க்கில் நடைபெற்ற பிரிவுபசார விருந்தில், சிறையின் தராசு முன் எடைக்காக வாதாடிய தம்பி நாயுடு, தம் மனைவி வீரம்மாளுடன் இசைந்து, தம் புதல்வர் நால்வரைத் தாய்நாட்டின் தொண்டுக்காக அவரிடம் ஒப்படைத்தார். அச்சிறுவர்கள் பீனிக்ஸ் பிள்ளைகளுடன் கப்பலேறி இந்தியா வந்து, முதலில் காங்க்ரி குருகுலத்திலும் பின்னர் சாந்திநிகேதனிலும் தங்கினர்.