கிறித்தவர் கூறும் இரட்சிப்பின் பயன்

ஒரு சமயத்தின் உண்மை காண விழைவார், அச்சமயம் முடிந்த பயனாகக் கூறும் பேற்றினை முதற்கண் ஆராய்தல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்திலே பிறர் கொள்கையை அவரவர் கூற்றாகவே நிறுத்திப் பின்னரே மறுத்தருளினார். கிறித்தவர் கூறும் வீடு நரகத்துக்குத் தப்பிச் சுவர்க்கபோகம் துய்த்தலே என நம்மவர் சிலர் ஒதுக்குவர். அஃது ஆசாரியர் காட்டிய முறைக்கு ஒக்குமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இச்சமயம் நம் காவிரிநாட்டிற்குப் புதியதன்று. இத்தாலி தேசத்தவராகிய இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவபோதகர் 1606-ல் மதுரை சேர்ந்து, காவியுடுத்து, தமிழும் வடமொழியும் பயின்று, 1623-ல் திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய இடங்கட்குச் சென்றனர். ஆத்தும நிர்ணயம், புனர்ஜென்ம ஆட்சேபம் முதலிய நூல்கள் அவர் செய்தன. சீர்திருத்தச் சபையைச் சார்ந்த சுவார்ட்சு ஐயர் 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் தொண்டாற்றினர்; அவர் முயற்சியால் எழுந்த தேவாலயம் 1766-ல் கோட்டைக்குள் முடிவுற்றது. பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், பின்னர் 1854-ல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே அமெரிக்கப் பாதிரியாராகிய ஹாய்சிங்டன் செய்த சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பும் அச்சேறியது. வாதமும் பயிற்சியும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை ஈண்டு நினைத்தற்குரியது.

இனி அவர் கொள்கையைக் காண்போம். இரட்சிப்பின் பயன் யாதென்னும் வினாவிற்கு அவருள்ளும் விடை ஒன்றன்று. நான்காம் நூற்றாண்டினராகிய அத்தனாசியார், மனிதர் இறைவனது வாழ்விற் பங்குபெறுதற்பொருட்டே இறைவன் மனிதனாயினான் என்பர். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்மு என்பார், பாவத்தால் இறைவனது மாட்சிக்கு நேர்ந்த இழுக்கினை ஈடுசெய்ய மனிதன் கடமைப்பட்டும் ஆற்றல் இலனாதலின், இறைவனே மனிதனாய் வந்து அக்கடனைத் தீர்த்தான் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய தோமா அக்குவினார், இறைவனை நேரே காணும் காட்சியே முடிந்த பேறு என்பர். லூத்தர், அப்பேறு நற்செயலால் ஈட்டப்படுவதன்று, விசுவாசத்தால் அருளப்படுவது. நற்செயல் அதன் கனியே என்பர். நொபிலியார் சார்ந்த சபையை நிறுவிய இஞ்ஞாசியார், இறைவனைத் துதித்து வணங்கிப் பணிசெய்தற்கே மனிதன் படைக்கப்பட்டான் எனத் தொடங்கிப் போதிப்பர்.

இவற்றை ஒருங்கு நோக்குங்கால், நரகத்தினின்று தப்புதல் அவர் கூறும் வீட்டின் ஒரு கூறேயன்றி முடிந்த பயனன்று என்பது பெறப்படும். நம் நூல்கள் கூறும் சுவர்க்கம் புண்ணியம் தேய மீளும் இடம். அவர் கூறும் பேற்றிலோ மீட்சியில்லை. ஆதலின் அதனைச் சுவர்க்கபோகமெனல் பொருந்தாது.

வேறுபாடு பிறிதோரிடத்துளது. செம்பிற் களிம்புபோல ஆணவம் அநாதி என்பது நம் கொள்கை. பாவம் ஆதிமனிதன் செயலால் இடையே வந்தது என்பது அவர் கொள்கை. ஆகவே அவர்க்கு இரட்சிப்பு, கெட்டதனைச் சீர்ப்படுத்தல். நமக்கோ, படைப்பு முதலிய ஐந்தொழிலும் உயிர்கள் மலம் நீங்கி வீடுபெறுதற்பொருட்டே நிகழ்வன. அவர்க்கு ஒரு பிறவி போதும். மலபரிபாகம் வேண்டும் நமக்குப் பல பிறவி வேண்டும்.

இறைவன் உயிர்கள்பொருட்டு வருந்துதல் நமக்கு வியப்பன்று. நஞ்சுண்டமையும், பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்டமையும் நாம் போற்றுவன. சமயபுரத்தில் மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி இருபத்தெட்டு நாள் அம்மையே அடியார்பொருட்டுப் பச்சைப்பட்டினி விரதம் இருத்தலை யாவரும் அறிவர். எனினும் நமக்கு அவை அருளின் வெளிப்பாடேயன்றிப் பிறர் வினைக்குச் செலுத்தும் ஈடல்ல. மலநீக்கம் குருவாய் எழுந்தருளும் சிவனது ஞானதீக்கையால் நிகழ்வது. கிறித்தவர் சிலுவைப்பாட்டினை ஒருமுறை நிகழ்ந்து அனைவர்க்கும் பயன்படும் ஈடாகக் கொள்வர். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கூறுவார் இருசமயத்தையும் அறியாதவராவர்.

ஒரு பிறவியே உண்டெனின், நற்செய்தி கேளாதே மாய்ந்தார் கதி யாதென்று நம்மவர் நெடுங்காலம் வினவினர். தம் குற்றமின்றி அதனை அறியாதார், இறைவனை உண்மையுள்ளத்தோடு தேடி மனச்சான்றின்வழி ஒழுகின், அவரும் இரட்சிப்பு எய்தக்கூடும் என 1964-ல் கத்தோலிக்கரது இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தது. ஆதலின் அவ்வினாவைப் பழைய வடிவிலேயே இன்று எழுப்புதல் நேர்மையாகாது. ஆயினும், கருவிலும் தொட்டிலிலும் மாய்ந்த உயிர்க்கு இவ்வுலகில் முதிர்தற்கு வாய்ப்பு யாது என்னும் வினா நிற்கும். அதற்கு மறுபிறப்பு என்னும் விடை நம்மிடமே உளது.

சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இறைவனோடு ஒன்றாய் நின்று அவன் பணியில் நிற்றலைக் கூறும். பதினொன்றாவது அயராத அன்பைக் கூறும். பன்னிரண்டாவது சீவன்முத்தர்க்கும் அடியாரிணக்கமும் ஆலயவழிபாடும் உண்டென்னும். அன்பும் பணியும் பேற்றின் உள்ளீடென்பதில் இருசமயமும் அணுகுகின்றன. கட்டு யாது, அதனை அறுப்பது யாது என்பதிற் பிரிகின்றன. அணுகும் இடத்தை மறையாமலும் பிரியும் இடத்தை மழுப்பாமலும் உரைத்தலே சித்தாந்திக்கு அழகு.